கேலக்ஸி நோட் 7: மாற்றிக் கொடுத்த போனும் ஏன் எரிந்தது?

2016 அக்டோபர் 5 காலை. அமெரிக்காவின் லூயிவில் விமான நிலையத்தில் பால்டிமோருக்குப் புறப்படக் காத்திருந்தது சவுத்வெஸ்ட் 994 விமானம். பயணி ஒருவரின் சாம்சங் கேலக்ஸி நோட் 7 திடீரென்று புகையத் தொடங்கியது. சார்ஜில் இல்லை, அணைத்து வைத்திருந்த போன். அவர் அதைத் தரையில் போட, விமானத்தின் கம்பளம் கருகியது. பயணிகளையும் பணியாளர்களையும் இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

போன் எரிவது அந்த மாதத்தில் புதுச் செய்தி அல்ல. அது எந்தப் போன் என்பதுதான் எல்லோரையும் உலுக்கியது. இரண்டு வாரத்துக்கு முன் பழைய நோட் 7-ஐத் திருப்பிக் கொடுத்து வாங்கிய மாற்றுப் போன் அது. "இது பாதுகாப்பானது" என்று காட்டுவதற்காகவே இந்தப் போன்களின் திரை மேல்வரிசையில் பேட்டரி அடையாளத்தைப் பச்சை நிறமாக்கியிருந்தார்கள்.

ஆகஸ்டில் விற்ற போன்கள் எரிந்தபோது சாம்சங் காரணத்தைத் தேடியது, கண்டுபிடித்தது, சரிசெய்தது. கண்ட காரணம் உண்மையானதுதான். ஆனால் பழுது அது ஒன்றோடு நிற்கவில்லை. முதல் காரணம் கிடைத்ததும் தேடல் அடங்கிப்போனது. இரண்டாவது காரணம் வாடிக்கையாளர்களின் சட்டைப்பையில் வெளிப்பட்டது.

விற்பனைக்கு வந்து இரண்டே வாரம்

2016 ஆகஸ்ட் 2 அன்று நியூயார்க்கில் அறிமுகமான நோட் 7, ஆகஸ்ட் 19 அன்று தென்கொரியா, அமெரிக்கா உள்ளிட்ட 10 நாடுகளில் விற்பனைக்கு வந்தது. 5.7 அங்குலத்தில் இருபுறமும் வளைந்த திரை, கருவிழி ஸ்கேனர், ஐபி68 தரத்தில் நீர் புகாத உடல், டைப்-சி துளை, எஸ் பென் என்ற பேனா. தடிமன் 7.9 மி.மீ. முந்தைய நோட் 5-இல் 3,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) இருந்த பேட்டரி இதில் 3,500 ஆனது. பேனா செருகும் பள்ளம் பேட்டரிக்குப் பக்கத்து இடத்தை எடுத்துக்கொள்ளும். திரை வளைவு ஓரங்களை ஒடுக்கும். அதற்குள் 500 எம்ஏஎச் கூடுதலாக அடக்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க அந்த இட நெருக்கடியைச் சுற்றியே வருகிறது.

ஆகஸ்ட் 24 அன்று கொரியாவிலிருந்து முதல் எரிந்த போனின் படங்கள் வந்தன. செப்டம்பர் 2 அன்று சாம்சங்கின் மொபைல் பிரிவுத் தலைவர் கோ டோங்-ஜின், விற்பனையை நிறுத்தி 25 லட்சம் போன்களையும் மாற்றித் தருவதாக அறிவித்தார். அதுவரை பதிவானவை 35 புகார்கள். பத்து லட்சத்துக்கு 24 போன் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. இந்தியாவில் 59,900 ரூபாய் விலை அறிவித்து, செப்டம்பர் 2 முதல் விற்பனை என்றும் சொல்லியிருந்தார்கள். அதே தேதியில்தான் உலகளாவிய அறிவிப்பு வந்தது. நோட் 7 நம் ஊர்க் கடைகளுக்கு வரவே இல்லை.

செப்டம்பர் 15 அன்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெறச் சொன்னபோது, அந்த நாட்டில் மட்டும் 92 சூடேறிய புகார்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் 26 பேருக்குத் தீக்காயம், 55 பொருட்சேதம். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் செப்டம்பர் 9 அன்றே, விமானத்துக்குள் நோட் 7-ஐ இயக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது என்று அறிவித்துவிட்டது.

பேட்டரி செல்லுக்குள் என்ன இருக்கிறது

போன் பேட்டரியைப் பிரித்தால் (வீட்டில் ஒருபோதும் செய்யாதீர்கள்) உள்ளே இருப்பது சுருட்டி அமுக்கிய பாய் மாதிரியான ஒரு சுருள். ஒரு தாள் அலுமினியம். அதன்மேல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பூச்சு. இது நேர்மின்முனை. இன்னொரு தாள் செம்பு. அதன்மேல் கிராஃபைட் பூச்சு. இது எதிர்மின்முனை. இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் பிரிப்புத் தாள். இதன் தடிமன் பொதுவாக 20 மைக்ரானுக்கும் கீழே. தலைமுடியில் கால் பங்குகூட இருக்காது. எல்லாம் எளிதில் தீப்பற்றும் கரைசலில் ஊறிக்கொண்டிருக்கும். மேலே ஒரு அலுமினியப் பை. அவ்வளவுதான்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் கிராஃபைட்டுக்குள் புகுவதால் அது சுமார் 10 சதவீதம் பருக்கும்; சார்ஜ் இறங்கும்போது சுருங்கும். தினம் ஒரு முறை சார்ஜ் போட்டால் வருடத்துக்கு 365 முறை இந்தச் சுருள் மூச்சு வாங்குகிறது. அதற்கு இடம் விட்டுத்தான் செல்லை வடிவமைக்க வேண்டும்.

பிரிப்புத் தாள் எங்காவது கிழிந்தாலோ நசுங்கினாலோ இரண்டு முனைகளும் தொட்டு ஷார்ட் ஆகும். அந்தப் புள்ளி சூடேறும். சுமார் 80 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் கிராஃபைட்டின் மேலுள்ள காப்புப் படலம் சிதைந்து, தானே வெப்பத்தை வெளிவிடும். 130 டிகிரி அளவில் பாலிஎத்திலீன் பிரிப்புத் தாள் உருகும். ஷார்ட் இன்னும் விரியும். 200 டிகிரியை ஒட்டி கோபால்ட் ஆக்சைடு ஆக்சிஜனை விடத் தொடங்கும். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே பைக்குள் இருப்பதால் வெளிக்காற்றை அடைத்து இதை நிறுத்த முடியாது.

நோட் 7 செல்லின் 3.85 வோல்ட்டை 3,500 எம்ஏஎச்சால் பெருக்கினால் சுமார் 13.5 வாட்-மணி. அதாவது ஏறக்குறைய 48,500 ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் ஆற்றல். தேநீர் போட அது ஒன்றுமில்லை. தொடையை ஒட்டிய பையில் சில விநாடிகளில் வெளிப்பட்டால் அது கடுமையான தீக்காயம். கரைசல் எரிவதால் வரும் வெப்பம் இதற்கு மேல்.

முதல் பழுது: மூலையில் விழுந்த மடிப்பு

நோட் 7-க்கு இரண்டு இடங்களிலிருந்து செல்கள் வந்தன. பேட்டரி ஏ, சாம்சங்கின் சொந்தக் குழும நிறுவனமான சாம்சங் எஸ்டிஐ தயாரித்தது. பேட்டரி பி, ஏடிஎல் என்ற வெளி நிறுவனம் தயாரித்தது. ஆகஸ்டில் எரிந்தவற்றில் ஏ செல்களே இருந்தன.

எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், பிரித்துப் பார்த்தல் எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின: செல்லின் மேல் வலது மூலை. வெளிப்பை அந்த மூலையில் சுருளுக்குப் போதிய இடம் விடவில்லை. அதனால் எதிர்மின்முனைத் தாள்களின் விளிம்பு நசுங்கி வளைந்திருந்தது. இதோடு இன்னொரு குறையும் சேர்ந்தது. எதிர்மின்முனைத் தாள் முடியும் நுனி, சுருளின் தட்டையான பகுதியில் இருக்க வேண்டியது, சில செல்களில் வளைவுப் பகுதிக்குள் போயிருந்தது. ஒவ்வொரு சார்ஜிலும் கிராஃபைட் பருத்துச் சுருங்கும்போது அந்த மடிந்த மூலைதான் அதிகம் அழுத்தப்படும், தேயும். கடைசியில் பிரிப்புத் தாள் விட்டுக்கொடுக்கும். வாங்கி ஒரு வாரத்தில் ஒன்று, மூன்று வாரத்தில் ஒன்று என்று ஒழுங்கில்லாமல் எரிந்ததற்கு இந்தப் படிப்படியான தேய்மானம் நன்றாகப் பொருந்துகிறது.

இதுவரை நோயறிதலில் தவறில்லை. அடுத்த அடிதான் சறுக்கியது. ஏ செல்தான் குற்றவாளி, எனவே பி செல் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. சீனாவில் செப்டம்பர் 1 முதல் விற்ற போன்களில் பி செல் என்பதால், முதல் திரும்பப் பெறலில் அவை சேரவில்லை. அமெரிக்காவில் செப்டம்பர் 21 முதல் மாற்றுப் போன் கிடைத்தது. அறிவிப்புக்கும் மாற்றுக்கும் நடுவே 19 நாட்கள்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்து லட்சத்துக்கு 24 என்ற விகிதத்தில் வரும் பழுதைச் சோதனையில் பிடிக்க எத்தனை போன் வேண்டும்? 10,000 போனைச் சோதித்தால் எதிர்பார்க்கும் பழுது 0.24. அதாவது ஐந்தில் நான்கு முறை ஒரு பழுதும் கண்ணில் படாமலே சோதனை "வெற்றிகரமாக" முடியும். 95 சதவீத உறுதியோடு ஒன்றையாவது பார்க்க வேண்டுமானால் சுமார் 1,25,000 போன் தேவை. அதுவும் பல வாரம் சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகு. "பி செல்லில் புகார் இல்லை" என்பது செப்டம்பர் தொடக்கத்தில் உண்மை. ஆனால் குறைந்த எண்ணிக்கையில், குறைந்த நாட்கள் மட்டுமே புழங்கிய ஒரு செல்லுக்குப் புகார் வராதது அது நல்லது என்பதற்குச் சான்றாகாது. இந்த நிகழ்வில் எந்தப் பொறியாளரும் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டிய இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இரண்டாவது பழுது: வெல்டிங் பிசிறு

பி செல்லின் மூலையில் மடிப்பு இல்லை. அதன் கோளாறு நேர்மின்முனையில் மின்சாரத்தை வெளியே எடுத்துவரும் சிறு உலோகப் பட்டையில் இருந்தது. பட்டையைத் தாளோடு வெல்டிங் செய்த இடத்தில் கூரான பிசிறுகள் உயரமாக நின்றன. அவை மேலே ஒட்டிய காப்பு நாடாவையும் பிரிப்புத் தாளையும் துளைத்து எதிர்மின்முனையைத் தொட்டன. சில செல்களில் காப்பு நாடாவே ஒட்டப்படவில்லை. சாம்சங்கின் பிந்தைய ஆய்வில் பங்கேற்ற யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம், மெல்லிய பிரிப்புத் தாளையும் உயர்ந்த ஆற்றல் அடர்த்தியையும் ஆபத்தைக் கூட்டிய காரணிகளாகச் சுட்டியது.

இரண்டு தொழிற்சாலைகள், இரண்டு வெவ்வேறு தவறுகள். வெளியே தெரிந்த அறிகுறி மட்டும் ஒன்று. ஆனால் இரண்டுக்கும் பொதுவான நிலம் ஒன்று உண்டு: சிறு பிழையைக்கூடத் தாங்க இடமில்லாத அளவுக்கு நெருக்கி அடைத்த செல். தடிமனான பிரிப்புத் தாளும் தாராளமான பையும் இருந்திருந்தால் அந்தப் பிசிறோ மடிப்போ தீயில் முடியாமல் போயிருக்க வாய்ப்புண்டு. நெருக்கத்தைத் தொடாமல் தயாரிப்பாளரை மட்டும் மாற்றியதுதான் செப்டம்பர் முடிவின் குறை.

லூயிவில் சம்பவத்துக்குப் பிறகு நிலைமை வேகமாகச் சரிந்தது. அக்டோபர் 10 அன்று விற்பனையையும் மாற்றித் தருவதையும் நிறுத்தச் சொன்னார்கள். மறுநாள் உற்பத்தியே முடிவுக்கு வந்தது. சீனாவின் 1,90,984 போன்களும் திரும்பப் பெறல் பட்டியலில் சேர்ந்தன. 13 அன்று அமெரிக்கப் பட்டியல் 19 லட்சமாக விரிந்தது. 15 முதல் அமெரிக்க விமானங்களில் நோட் 7-ஐக் கையில்கூட எடுத்துச் செல்லத் தடை.

கையில் இருக்கும் போனை எப்படித் திரும்ப வாங்குவது?

எரியக்கூடிய 30 லட்சம் பொருட்களை மக்களின் கையிலிருந்து மீட்பது தனி வேலை. விமானத்தில் அனுப்ப முடியாது. அதனால் தரைவழியாக மட்டும் செல்லும், தீத்தாங்கும் உள்ளுறை கொண்ட அட்டைப்பெட்டிகளைக் கையுறைகளோடு வீட்டுக்கே அனுப்பினார்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைச் சாம்சங்கின் தளத்தில் இட்டால் உங்கள் போன் பட்டியலில் உண்டா என்று தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது சார்ஜ் வரம்பு. மென்பொருள் அப்டேட் மூலம் முதலில் 60 சதவீதத்தில் நிறுத்தினார்கள். பின்னர் ஐரோப்பாவில் 30. டிசம்பர் 19 முதல் அமெரிக்காவில் சார்ஜே ஏறாதபடி செய்தார்கள். நிறைந்த செல்லைவிடக் காலியான செல் எரிய ஆற்றல் குறைவு என்பது இதன் அடிப்படை. பிடித்த போனை விட மனமில்லாதவர்களையும் இது வழிக்குக் கொண்டுவந்தது. 2017 ஜனவரிக்குள் விற்ற போன்களில் 96 சதவீதம் திரும்பி வந்துவிட்டன.

2017 ஜனவரி 23 அன்று சியோலில் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். 700 பொறியாளர்கள் 2 லட்சம் போன்களையும் 30,000 தனி பேட்டரிகளையும் சார்ஜ் ஏற்றி இறக்கி, எரிந்த நிகழ்வுகளைத் திரும்ப உண்டாக்கிப் பார்த்தார்கள். மேலே போட்ட கணக்கோடு இந்த எண்ணிக்கையை ஒப்பிட்டால் ஏன் இத்தனை என்பது புரியும். வேகச் சார்ஜிங், ஒயர் இல்லாச் சார்ஜிங், நீர் புகாத மூடி, கருவிழி ஸ்கேனர், மென்பொருள் எல்லாவற்றையும் தனித்தனியே மாற்றிச் சோதித்தும் விளைவில் வேறுபாடில்லை. யூஎல், எக்ஸ்போனென்ட் ஆகிய வெளி நிறுவனங்களும் செல்லையே காட்டின. டியூவி ரைன்லாண்ட் என்ற இன்னொரு சோதனை நிறுவனம், தொழிற்சாலைப் பூட்டுதலிலும் போக்குவரத்திலும் குறை காணவில்லை.

ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. 2016 டிசம்பரில் இன்ஸ்ட்ருமென்டல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு நோட் 7-ஐப் பிரித்து அளந்தார்கள். 5.2 மி.மீ. தடிமனுள்ள பேட்டரிக்கு மேலே வீக்கத்துக்காகச் சுமார் 10 சதவீத இடம் விடுவது வழக்கம். இதில் அது இல்லை என்றார்கள். அதிகாரபூர்வ அறிக்கை இதைக் காரணமாகச் சேர்க்கவில்லை. ஆனால் பின்னால் வந்த மாற்றங்கள் கவனிக்கத் தக்கவை. பேட்டரியைச் சுற்றித் தாங்கு சட்டம் வந்தது. எக்ஸ்ரே, பிரித்துப் பார்த்தல், ஆவிக் கசிவு அளத்தல் உள்பட எட்டுவகைச் சோதனை கட்டாயமானது. நோட் 8-இல் 3,300 எம்ஏஎச்தான். பிரிக்கப்படாத நோட் 7 போன்களையும் பயன்படுத்தாத பாகங்களையும் கொண்டு 2017 ஜூலை 7 அன்று கொரியாவில் விற்ற நோட் ஃபேன் எடிஷனில் அதே உடல், ஆனால் 3,200 எம்ஏஎச்.

உங்கள் போனில் இதை எப்படிப் பார்ப்பது

2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலிருந்த பெட்டியில் ஒரு போன் புகைந்தது. பணியாளர்கள் தீயணைப்பானை அடித்து, போனைத் தண்ணீர் நிறைந்த கலனில் போட்டுக் கழிவறைக்குள் வைத்தார்கள். அது நோட் 7 அல்ல. 2012-இல் வந்த நோட் 2. எந்தத் திரும்பப் பெறல் பட்டியலிலும் இல்லாத பழைய போனுக்கும் இந்த வேதியியல் பொருந்தும்.

உப்பிய பேட்டரியைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. உறையைக் கழற்றி, போனைச் சமதளமான மேசையில் வைத்து ஒரு விரலால் சுற்றிவிடுங்கள். தட்டையான போன் உரசி நிற்கும். நடுவில் உப்பியது வழுக்கிச் சுழலும். கேமரா மேடு உள்ள போனைத் திரை கீழே இருக்கும்படி, மெல்லிய துணிமேல் வைத்துப் பாருங்கள். திரையின் ஓரத்தில் வெளிச்சக் கசிவு, பின்மூடியில் நகம் நுழையும் இடைவெளி, நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற இனிப்பு நெடி இவையும் அடையாளங்கள்.

உப்பியிருந்தால் உடனே சார்ஜரைக் கழற்றி, அணையுங்கள். விளிம்பை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். ஏ செல்லின் மூலையில் நடந்ததையே உங்கள் விரலால் செய்வதாகும். மெத்தை, திரைச்சீலை எதுவும் அருகில் இல்லாத சிமென்ட் அல்லது டைல்ஸ் தரையில் வைத்துவிட்டுக் கடைக்கு எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். புகை வந்துவிட்டால் கையால் தூக்காதீர்கள், புகையைச் சுவாசிக்காதீர்கள்; அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும். சுவர் சுவிட்சை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் சுவாலையை அடக்கும். ஆனால் செல்லைக் குளிர்விக்காது, மீண்டும் பற்றும்.

பேட்டரி மாற்றும்போது எம்ஏஎச் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பெரிய தவறு. சென்னை ரிச்சி தெரு ஆனாலும் உங்கள் ஊர் பஸ் நிலையக் கடை ஆனாலும், செல்லின் மேல் அச்சிட்ட மூன்று எண்களைக் கேளுங்கள்: வோல்ட், எம்ஏஎச், வாட்-மணி. வோல்ட்டை எம்ஏஎச்சால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட்-மணி வர வேண்டும். வராவிட்டால் அந்த லேபிள் நம்பத்தக்கதல்ல. சார்ஜ் வரம்பு வோல்ட்டும் பழைய செல்லுடன் ஒத்துப்போக வேண்டும். 4.4 வோல்ட் வரை ஏற்றும் போனில் 4.2 வோல்ட் வரம்புள்ள செல்லைப் போட்டால் ஒவ்வோர் இரவும் அது அளவுக்கு மீறி ஏறும். ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தரக் குறியும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள்.

போனைப் பிரிக்கும் முன் சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பழைய செல்லை உலோகக் கத்தியால் நெம்பவே கூடாது. இழுக்கும் நாடா இருந்தால் அதை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, பசை இளகியதும் பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல எடுக்க வேண்டும். கழற்றிய செல்லைக் குப்பைத்தொட்டியில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

புது செல் பள்ளத்தில் தானாக உட்கார்ந்து, மூலைகள் மடங்காமல் இருக்கிறதா என்று மூடும் முன் பார்க்கச் சொல்லுங்கள். பின்மூடி விரலால் அழுத்தாமலே படிய வேண்டும். அழுத்தினால்தான் மூடுகிறது என்றால் அந்தச் செல் உங்கள் போனுக்கு உரியதல்ல. கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.